மணிக்கு 2 கிலோமீட்டர் காற்று: காற்றாலைப் பகுதி மின்பாதைகளின் ரேட்டிங் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் இயக்கம், திட்டமிடல், ரிலே பாதுகாப்புப் பிரிவுகளின் பொறியாளர்கள், மாநில மின்சுமைப் பகிர்வு மையம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

பொருள்: காற்றாலைப் பகுதிகளின் 110, 230 கே.வி. லைன்களுக்கு வானிலையை ஒட்டி மாறும் ரேட்டிங் (லைன் தாங்கலாம் என்று வகுத்த மின்னோட்ட எல்லை).

ஐயா, அம்மையீர், வணக்கம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆடி மாதம் முப்பந்தலில் சாலையோரம் நின்று இரண்டு பேர் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். அதே முப்பந்தலின் தலைக்கு மேலே போகும் லைன் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்ற கணக்கை எடுத்துப் பாருங்கள். அதில் காற்றின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். நடந்து போகிறவரின் வேகத்தில் பாதிகூட இல்லை. வெயில் 45 டிகிரி, சூரிய வெப்பம் சதுர மீட்டருக்கு 1,045 வாட், கம்பி போகலாம் என்ற உச்ச வெப்பநிலை 75 டிகிரி. மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேடு நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்த எண்கள் இவை. ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் இதுதான், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் இதுதான்.

கையேட்டில் பிழை இல்லை. எந்த வானிலையும் தெரியாத நிலையில் ஒரு லைனைத் திட்டமிட இப்படி ஓர் எண் வேண்டும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்றாலைகள் முழு மூச்சில் சுற்றும் நேரத்தில், 'லைன் நிரம்பிவிட்டது, உற்பத்தியைக் குறையுங்கள்' என்று சொல்லவும் அதே எண்ணையே பயன்படுத்துகிறோம். அந்த லைன் நிரம்பக் காரணமே காற்றுதான். கணக்கில் மட்டும் காற்று இல்லை.

எவ்வளவு வித்தியாசம் என்பதை எண்ணாகவே வைக்கிறோம். 230 கே.வி. லைன்களில் பரவலாக இருக்கும் ஏ.சி.எஸ்.ஆர். ஜீப்ரா கம்பியை (எஃகு நடுவும் அலுமினியச் சுற்றும் கொண்டது) எடுத்துக்கொள்வோம். விட்டம் 28.62 மி.மீ.; 75 டிகிரியில் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.0855 ஓம். கம்பியின் வெப்பத்தைக் கணக்கிடும் ஐ.இ.இ.இ. 738 முறையில், கம்பி வெயிலை உறிஞ்சும் திறன் 0.8, வெப்பத்தை உமிழும் திறன் 0.45 என்று வைத்துப் போட்டால், கையேட்டு வானிலையில் சுமார் 550 ஆம்பியர் வருகிறது. வெப்பநிலையை மட்டும் 45-இலிருந்து 32-க்கு இறக்கி, மற்றதைத் தொடாமல் விட்டால் 740. அதோடு காற்றை நொடிக்கு 2 மீட்டராக்கி, அது கம்பிக்கு 30 டிகிரி சாய்வாக அடிப்பதாக வைத்தால் 940. அதே சாய்வில் நொடிக்கு 5 மீட்டர் என்றால் 1,270. மேகமே இல்லாத நண்பகல் வெயிலை இந்த எல்லாக் கணக்கிலும் அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்த எண்களைப் பார்த்ததும் லைனை இரண்டு மடங்கு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இதே கணக்கை எதிர்ப்பக்கம் போட்டுப் பாருங்கள். 40 டிகிரி, உச்சி வெயில், காற்று முற்றாக நின்றுவிட்டது என்றால் அதே ஜீப்ரா 342 ஆம்பியர்தான் தாங்கும். 45 டிகிரியில் 230-தான். நண்பகலில் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றே கம்பியை ஓரளவு குளிர்விக்கும் என்பதால் முழு அமைதி வெகுநேரம் நீடிப்பது அரிது. அரிதுதான், நடக்காது என்று சொல்ல முடியாது. ஆக நாம் பத்திரம் என்று நம்பும் 550 சில நேரம் பத்திரமில்லாத எண். வானிலையைப் பார்த்து ரேட்டிங் போடுவதில் எங்களுக்கு முதல் லாபம் இதுதான். கூடுதல் ஆம்பியர் இரண்டாவதாக வருகிறது. இரண்டையும் சேர்த்து ஏற்கத் தயாராக இல்லாத நிறுவனம் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கம்பியில் நடப்பது எளிய வரவுசெலவு. மின்னோட்டம் தரும் சூடும் வெயில் தரும் சூடும் வரவு. காற்று கொண்டுபோவதும் கம்பி தானே உமிழ்வதும் செலவு. வரவு மிஞ்சினால் கம்பி சூடாகி நீளும், நீண்டால் தொய்யும். 350 மீட்டர் தாவில் (இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) ஜீப்ரா கம்பி 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 40 செ.மீ. கீழே இறங்கும். 230 கே.வி.க்குத் தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பிக்குக் கீழே கரும்பு லாரியும் போர்வெல் வண்டியும் போகிற நாட்டில் 40 செ.மீ. சின்ன விஷயமில்லை.

எனவே முதல் வேலையைத் தரையில் தொடங்க வேண்டும். லைன் எந்த வெப்பநிலைக்கு வடிவமைக்கப்பட்டது என்று கேட்டால் கோப்பு ஒரு பதில் சொல்லும். பழைய லைன்களில் அது 65 டிகிரியாக இருக்கலாம், பின்னால் வந்தவற்றில் 75, புதியவற்றில் 85. ஆனால் கம்பி இழுத்து முப்பது வருடமாகியிருக்கும். அலுமினியம் நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டிருக்கும். கீழே சாலை இரண்டு அடி உயர்ந்திருக்கும். யாராவது வரப்பை மேடாக்கியிருப்பார், கொட்டகை போட்டிருப்பார். லைடார் (லேசர்) சர்வேயோ, அது கைக்கு எட்டாவிட்டால் டோட்டல் ஸ்டேஷன் அளவீடோ செய்து, ஒவ்வொரு தாவிலும் இடைவெளி எத்தனை டிகிரியில் தீர்ந்துபோகிறது என்று பட்டியலிட வேண்டும். அளக்கும் நேரத்தின் மின்னோட்டம், காற்று, வெப்பநிலை மூன்றையும் குறிக்காத சர்வேயால் பயனில்லை. அளந்தபோது கம்பி எத்தனை டிகிரியில் இருந்தது என்று பின்னால் சொல்ல முடியாது. இந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை 75 என்பது காகித எண்தான்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் மூன்று 345 கே.வி. லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்தில் பட்டு ட்ரிப் ஆயின (தானாகத் துண்டிக்கப்பட்டன). அப்போது அவற்றில் ஓடிய சுமை, ரேட்டிங்கில் முறையே சுமார் 44, 88, 93 சதவீதம். ஒன்றுகூட ரேட்டிங்கைத் தாண்டவில்லை. மரம் வெட்டாமல் விட்டதுதான் முதல் குற்றம். அன்று வட அமெரிக்காவில் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது.

அடுத்தது, காற்றை எங்கே அளப்பது. இதில்தான் பெரும்பாலும் சறுக்குவார்கள். காற்றாலைக் கம்பெனிகளிடம் ஏற்கெனவே காற்றளக்கும் அனிமோமீட்டர் இருக்கிறதே, அதையே வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அது 80, 100 மீட்டர் உயரத்தில், காற்றாலையின் தலைப்பெட்டியான நாசெல் மேல் இருக்கிறது. நம் கம்பி தாவின் நடுவில் 8, 10 மீட்டரில் தொங்குகிறது. மேலே நொடிக்கு 10 மீட்டர் அடித்தால், வெட்டவெளியில் கம்பி உயரத்தில் 6 சொச்சம் இருக்கும். புதர், மரம், வீடு உள்ள நிலத்தில் 5. தென்னந்தோப்புக்குள் போனால் அந்தக் கணக்கும் செல்லாது. 230 கே.வி. லைனுக்காக 35 மீட்டர் அகலத்துக்கு மரங்களை எடுத்திருப்பார்கள். இரு பக்கமும் 15 மீட்டருக்கு மேல் வளர்ந்த தென்னை. கம்பி அந்தச் சந்துக்குள் கிடக்கிறது. தோப்பின் உச்சியில் மட்டைகள் பேயாட்டம் ஆடும். கீழே கிணற்றடியில் துணி காயப்போட்டால் அசையாது. லைன் முழுவதற்கும் ரேட்டிங்கை முடிவு செய்வது அந்தத் தோப்புக்குள் இருக்கும் இரண்டு தாவுதான். கணவாய் வாயில் வீசும் காற்றுக்கு அதில் வாக்கு கிடையாது.

காற்றின் திசையும் அதே அளவு முக்கியம். குறுக்கே அடிக்கும் காற்று நூறு பங்கு குளிர்வித்தால், 30 டிகிரி சாய்வில் 74 பங்கு, 20 டிகிரியில் 64, கம்பியோடு ஒட்டி ஓடினால் 39 பங்குதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. எனவே முப்பந்தல் பக்கமிருந்து கயத்தாறு நோக்கி வடக்காக ஏறும் லைனுக்குக் காற்று குறுக்கே கிடைக்கும். கிழக்கே கடற்கரை நோக்கிப் போகும் லைனுக்குக் காற்று கூடவே ஓடிவரும். ஒரே லைன் ஒரு கோணக் கோபுரத்தில் திரும்பியதும் குளிர்ச்சி பாதியாகலாம். வானிலை நிலையம் வைக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. ஆடி மாதம் லைனடியில் நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

40 கி.மீ. லைன் என்றால் ஏறக்குறைய 115 தாவு. அத்தனைக்கும் கருவி வைக்க வேண்டியதில்லை. இடைவெளி குறைந்தவை, மறைவானவை, காற்றோடு ஒட்டி ஓடுபவை என்று மூன்று வடிகட்டியில் போட்டால் பத்து தாவு மிஞ்சும். அதில் ஐந்து, ஆறு இடத்தில் நிலையம் போதும். ஒவ்வொன்றிலும் அல்ட்ராசோனிக் அனிமோமீட்டர் ஒன்று, நிழல்மூடி போட்ட வெப்பநிலை சென்சார் ஒன்று, டேட்டா லாகர், 12 வோல்ட் பேட்டரி, சின்ன சோலார் பலகை, இரண்டு சிம் போடும் மோடம். லைனில் ஓ.பி.ஜி.டபிள்யூ. (ஃபைபர் பொதிந்த மேல் தரைக்கம்பி) இருந்து அருகே இணைப்புப் பெட்டியும் இருந்தால் மோடமை நம்ப வேண்டாம், ஃபைபரில் ஏற்றுங்கள். கோப்பைச் சுழல் வகை அனிமோமீட்டர் விலை குறைவு. ஆனால் நமக்குப் பயமே மெல்லிய காற்றில்தான். நொடிக்கு அரை மீட்டருக்குக் கீழே அது சுற்றாமல் நின்றுவிடும், பேரிங் தேய்ந்தால் இன்னும் முன்பே நிற்கும். அளக்க வேண்டிய இடத்தில் குருடாகும் கருவியை வாங்குவதில் அர்த்தமில்லை.

சூரிய வெப்பத்தை அளக்கும் பைரனோமீட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது எங்கள் கருத்து. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறந்து கண்ணாடிக் குமிழில் படியும். அழுக்குப் படிந்த கருவி வெயிலைக் குறைத்துக் காட்டும். வெயில் குறைந்தால் கணக்கு ரேட்டிங்கை உயர்த்தும். பிழை ஆபத்தான பக்கமாகச் சாய்கிறது. அதற்குப் பதில் தேதி, நேரம், அட்சரேகையை வைத்து மேகமற்ற வானத்தின் வெயிலைக் கணக்கிட்டுப் போட்டுவிடலாம். இழப்பு அதிகமில்லை: நொடிக்கு 5 மீட்டர் காற்றில் வெயிலை முழுதாக நீக்கினாலும் ரேட்டிங் 8 சதவீதம்தான் கூடுகிறது. காற்று மிகக் குறைந்த கையேட்டு வானிலையில்தான் வெயில் பெரிய ஆள். அங்கே 550 இரவில் 760 ஆகிறது.

அல்ட்ராசோனிக் கருவிக்கும் எதிரிகள் உண்டு. சிலந்தி வலை, குளவிக் கூடு, மேலே வந்து உட்காரும் மயில். நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரத்தில் மயிலுக்குக் கூர்முனைத் தடுப்பு வைக்காமல் எதையும் மாட்டக் கூடாது. கடலோரம் உப்புப் படிவு. மாதம் ஒருமுறை துடைப்பதற்கான ஆளும் பயணப்படியும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். கருவி வாங்கும் பணத்தோடு கோப்பு முடிந்துவிட்டால் இரண்டாவது சீசனில் வரும் எண்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

கணக்கிட்ட வெப்பநிலை உண்மையா என்று சரிபார்க்க, இரண்டு தாவிலாவது கம்பியிலேயே கவ்வும் வெப்ப சென்சார் வையுங்கள், அல்லது குறித்த நேரங்களில் தொய்வை அளந்து பாருங்கள். கணக்கும் அளவீடும் 5 டிகிரிக்குள் ஒத்துப்போனால் கணக்கு மாதிரி சரி. ஒரு எச்சரிக்கை: லைனில் சுமை குறைவாக இருக்கும் நாளில் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. ரேட்டிங்கில் 30 சதவீத மின்னோட்டம் தரும் சூடு முழு அளவில் 9 சதவீதம்தான். கம்பி வெயிலில் மட்டுமே சூடாகியிருக்கும். மாதிரி தவறாக இருந்தாலும் எண் ஒத்துப்போகும். மார்ச்சில் சோதித்துவிட்டு ஜூலையில் நம்பக் கூடாது. இப்படிச் சோதிக்கும் திறமைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, அதன் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாறிலேயே இருக்கிறது.

இனி, கம்பியைத் தவிர்த்த மற்றவை. எங்கள் அனுபவத்தில் பேச்சு முழுவதும் கம்பியைச் சுற்றியே நடக்கும். கடைசியில் லைனை மறிப்பது துணைமின் நிலைய வேலிக்குள் இருக்கும் ஏதோ ஒரு பெட்டிதான். கம்பி 1,200 ஆம்பியர் தாங்குகிறது, சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் மின்மாற்றி) 600/1-இல், அதாவது 600 ஆம்பியருக்கு, மாட்டியிருக்கிறது என்றால் பயன் என்ன? வேவ் டிராப், ஐசொலேட்டர், பிரேக்கர், பஸ்பார், யார்டு ஜம்பர் என லைனின் மின்னோட்டம் கடந்து போகும் ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையையும் இரு முனையிலும் நேரில் போய்ப் படித்து எழுத வேண்டும். ஐசொலேட்டர் பலகையில் 1,250 என்று இருக்கும். தாடையின் வெள்ளிப்பூச்சு தேய்ந்து கறுத்திருந்தால் 700-லேயே சிவக்கும். லைனிலும் ஜம்பர் கிளாம்பு, நடுத்தாவு இணைப்பு என்று பலவீனமான இடங்கள் உண்டு. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் இணைப்பில் சூடு இரண்டேகால் மடங்கு. பழைய பி.ஜி. கிளாம்பில் (இரு கம்பிகளை இணையாக இறுக்கும் கவ்வி) இரண்டு போல்ட்டும் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருப்பதைப் பார்க்காத லைன் இன்ஸ்பெக்டர் இருக்க மாட்டார். ரேட்டிங்கை உயர்த்துவதற்கு முன், சுமை உள்ள ஒரு மாலையில், வெயில் இறங்கிய பின், சூட்டைக் காட்டும் தெர்மோவிஷன் கேமராவோடு லைன் முழுவதும் நடக்க வேண்டும். சூடு காட்டும் கிளாம்பை மாற்றாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஸ்காடா திரையையும் (தொலைவிலிருந்து லைனைக் கண்காணிக்கும் கணினித் திரை) கவனியுங்கள். அளவீட்டைத் திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசரின் அளவை சி.டி.யின் 120 சதவீதத்தோடு நிறுத்தி வைத்திருந்தால், அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் திரையில் 720 என்றே நிற்கும். ஷிப்டில் இருப்பவர் நிம்மதியாக இருப்பார்.

ரிலே பிரிவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 2012 ஜூலை 30 அதிகாலை வட இந்தியா இருண்டதற்கு, பீனா–குவாலியர் 400 கே.வி. லைன் ஜோன் 3-இல் (தொலைவில் உள்ள பழுதையும் பார்க்கும் ரிலேயின் மூன்றாம் எல்லை) ட்ரிப் ஆனது ஒரு தொடக்கப் புள்ளி. அங்கே ஃபால்ட் (மின்பழுது) எதுவும் இல்லை. சுமை கூடி வோல்டேஜ் இறங்கியதை, மின்மறுப்பை வைத்துப் பழுதின் தூரத்தைக் கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலே ஃபால்ட் என்று எண்ணிவிட்டது. 230 கே.வி.யில் 1,000 ஆம்பியர் ஓடி, வோல்டேஜ் இயல்பில் 0.85 மடங்குக்கு இறங்கினால் ரிலே பார்க்கும் மின்மறுப்பு சுமார் 113 ஓம். 1,270 ஆம்பியர் என்றால் 89. லைனின் ஜோன் 3 எட்டும் தூரம், குறிப்பாகப் பக்கவாட்டு ரெசிஸ்டிவ் எல்லை, இதைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு ரிலேயிலும் பாருங்கள். எண்முறை ரிலே என்றால் சுமையைப் பழுதென்று எண்ணாமல் காக்கும் லோடு என்க்ரோச்மென்ட் தடுப்பை இயக்கிவிடலாம். பழைய எலெக்ட்ரோ மெக்கானிக்கல் ரிலே இருக்கும் முனையில், அதை மாற்றும்வரை அந்த லைனைத் தொட வேண்டாம். பேக்கப் ஓவர்கரன்ட் ரிலேயின் பிக்கப் அளவும் (அது செயல்படத் தொடங்கும் மின்னோட்டம்) இதே கேள்விக்குள் வரும்.

புதிய ரேட்டிங் எண் கைக்கு வந்த பிறகு மின்சுமைப் பகிர்வு மையத்தின் வேலை தொடங்குகிறது. ஓர் உதாரணம். 32 டிகிரி, நொடிக்கு 5 மீட்டர் சாய்ந்த காற்று, ஜீப்ராவில் 1,000 ஆம்பியர். கம்பி 60 டிகிரியில் இருக்கும். காற்று திடீரென்று மணிக்கு 2 கிலோமீட்டருக்கு விழுந்தால், கம்பி 75-ஐத் தொட ஏறக்குறைய 7 நிமிடம். அப்படியே விட்டால் 95-ஐத் தாண்டும். அந்த வெப்பத்தில் அலுமினியம் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். காற்று விழுந்தால் காற்றாலை உற்பத்தியும் தானே விழும், அதனால் கவலையில்லை என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கணவாயில் காற்று நிற்காமல் தோப்பில் மட்டும் நிற்பதுதான் மீதிப் பாதி. ஆகவே அந்த 7 நிமிடத்துக்குள் யார், எந்த ஃபீடரை, எவ்வளவு குறைப்பது என்பது முன்கூட்டியே எழுதி வைத்த உத்தரவாக இருக்க வேண்டும். தொலைபேசியில் ஆளைத் தேடினால் அதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

நடைமுறை விதியாக நாங்கள் கேட்பது இதுதான். கருவிகள் நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கட்டும், 10 நிமிடச் சராசரி எடுக்கட்டும். எல்லா நிலையத்திலும் மிகக் குறைந்த ரேட்டிங் தருவதே லைனின் ரேட்டிங். அது நம் 15 நிமிட ஷெட்யூல் பிளாக்கோடு (உற்பத்தியைத் திட்டமிடும் நேரத் துண்டு) சேர்ந்து வெளியாகட்டும். இறங்கும்போது உடனே இறங்க வேண்டும். ஏறும்போது மூன்று பிளாக் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மட்டும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் எண் துள்ளும், ஷிப்ட் பொறியாளர் இரண்டே நாளில் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். சோதனை ஓட்டம் முடிந்து, இந்த எண்ணை வைத்துச் சுமை ஏற்றும் முதல் சீசனில் என்ன கணக்கு வந்தாலும் பழைய ரேட்டிங்கின் 1.3 மடங்குக்கு மேல் போகக் கூடாது. தகவல் இரண்டு முறை தொடர்ந்து வரவில்லை என்றாலோ, ஒரே எண் அசையாமல் இருபது நிமிடம் நின்றாலோ, பழைய ரேட்டிங் தானாகத் திரும்ப வேண்டும். கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்திருக்கும் சாஃப்ட்வேரை ஏற்காதீர்கள். மோடம் செத்தபோது காற்று நொடிக்கு 6 மீட்டர் என்றால், அன்றிரவு முழுவதும் திரையில் 6 மீட்டர் வீசிக்கொண்டிருக்கும்.

இணை சர்க்யூட்டில் ஒன்று ட்ரிப் ஆனால் மற்றது தாங்குமா என்ற கேள்வியும் இதே எண்ணை வைத்தே போடப்பட வேண்டும். பெரும்பாலும் நம் லைன்களை மறிப்பது சாதாரண ஓட்டமல்ல, அந்த ஒற்றை விபத்துக் கணக்குதான். ஒரு லைனில் நெரிசல் தீர்ந்ததும் அது அடுத்த 230/110 டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாவும் என்பதையும் எதிர்பாருங்கள். அங்கே ரேட்டிங்கை மாற்றிப் பயனில்லை, டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும்.

செலவுப் பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. 60 கி.மீ. ஜீப்ரா லைனில் 1,000 ஆம்பியர் ஓட்டினால் 15 மெகாவாட் அளவுக்குக் கம்பியிலேயே சூடாகப் போகும். 550 ஆம்பியரில் அது 5-க்கும் கீழே. வோல்டேஜைத் தாங்கும் ரியாக்டிவ் பவரையும் லைன் கூடுதலாகத் தின்னும். பழைய இண்டக்ஷன் ஜெனரேட்டர் காற்றாலைகள் ஏற்கெனவே அதை இழுக்கின்றன, அதை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பேங்குகளில் வேலை செய்யாத யூனிட்டுகளை மாற்றாமல் லைனை ஏற்றினால் வோல்டேஜ்தான் முதலில் கைவிடும். 150 கி.மீ.க்கு மேல் நீளும் லைனில் வெப்பத்துக்கு முன்பே வோல்டேஜும் நிலைத்தன்மையும் எல்லை கட்டிவிடும், அங்கே இந்த முயற்சி வேண்டாம். கமுதி போன்ற சூரியமின் பகுதிகளிலும் இதைத் தொடங்க வேண்டாம் என்போம். அந்த லைன் நிரம்பும் நேரம் உச்சி வெயில், காற்று உத்தரவாதமில்லை. காற்றாலை லைனுக்குத்தான் சுமையும் குளிர்ச்சியும் கைகோத்து வருகின்றன.

இது புதுமையும் அல்ல. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கடலோரத்தில் ஸ்கெக்னஸ்–பாஸ்டன் 132 கே.வி. லைனில், கடற்காற்றாலை மின்சாரத்துக்காக 2008-லேயே வானிலை நிலையமும் ரிலேயும் கொண்டு இதைச் செய்தார்கள். பென்சில்வேனியாவில் 230 கே.வி. லைன்களில் 2022 முதல் ஓடுகிறது. அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021 டிசம்பரில் போட்ட 881-ஆம் எண் உத்தரவு, குறைந்தபட்சம் சுற்றுப்புற வெப்பநிலையையும் பகல் இரவையும் பார்த்து மணிக்கு மணி ரேட்டிங் மாற்றச் சொன்னது. காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்லவில்லை. நாம் அந்த முதல் படியிலாவது கால் வைக்கலாம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் இரண்டு வேண்டுகோள். காற்றாலை மின்சாரம் தவறாமல் எடுக்கப்பட வேண்டியது என்ற 2021-ஆம் ஆண்டு மத்திய விதிகளில், மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காகக் குறைக்க இடமிருக்கிறது. அப்படியானால் 'லைன் நிரம்பிவிட்டது' என்று சொன்ன நேரத்தில் எந்த ரேட்டிங்கை வைத்துச் சொன்னார்கள், எந்தக் கருவி மறித்தது என்பதை ஒவ்வொரு பிளாக்குக்கும் பதிந்து வெளியிடச் சொல்லுங்கள். கம்பியா, சி.டி.யா, டிரான்ஸ்ஃபார்மரா என்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று தெரியும். கொங்குப் பகுதியில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உழவர்கள் எத்தனை நாள் போராடினார்கள் என்பதை எல்லோரும் பார்த்தோம். புதிய கோபுரத்துக்கு நிலம் கேட்டுப் போகும் முன், இருக்கிற லைனில் எந்த போல்ட் மறிக்கிறது என்று சொல்ல முடியாத நிலையில் யாரும் இருக்கக் கூடாது. இரண்டாவது, சி.டி., வேவ் டிராப், கிளாம்பு மாற்றும் செலவையும் வானிலை நிலையப் பராமரிப்பையும் ஒரே வேலையாக மூலதனத் திட்டத்தில் அனுமதியுங்கள். தனித்தனிக் கோப்பாகப் போனால் கருவி ஒரு வருடமும் சி.டி. இன்னொரு வருடமும் வரும்.

கயத்தாறு சுற்றுவட்டத்தில் 60 கி.மீ.க்கு மேல் போகாத ஒரு 230 கே.வி. லைனைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகைப் பட்டியலும் இடைவெளி சர்வேயும் தை, மாசியில் முடிந்துவிடும், அப்போது லைன் காலியாக இருக்கும். நிலையங்கள் சித்திரைக்குள் ஏற வேண்டும். வைகாசி பிறந்தால் கோபுரத்தில் ஏறி அனிமோமீட்டரை நேராக நிறுத்த ஆளால் முடியாது. முதல் சீசனில் எண்ணை வெறுமனே பக்கத்தில் ஓட விடுங்கள், சுமையைத் தொட வேண்டாம். பகிர்வு மையத்தில் பழைய ரேட்டிங் ஒரு கோடாகவும் புதியது ஒரு கோடாகவும் ஒரே திரையில் தெரியட்டும். புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும் அந்த நான்கு மாதத் தரவை, புதிய கோடு பழையதற்குக் கீழே போன மணிநேரங்களையும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பெயர்ப்பலகை படிக்கவும் லைனடியில் நடக்கவும் ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
தென்மாவட்டங்களில் லைன் பராமரிப்பிலும் ரிலே சோதனையிலும் வேலை பார்த்த சிலர்